சார்லட்டை மறந்துவிட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் பிறந்து 250 ஆண்டுகள் ஆனதையொட்டி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘பிரைட் அண்ட் பிரஜுடிஸ்’ நாவலை அது எலிசபெத், டார்சி காதல் கதையாக மட்டுமே சொல்லி முடித்துவிட்டது. 1813-இல் வெளிவந்த அந்த நாவலில் காதலுக்கு முன்னால் வந்து நிற்பது சொத்து. பென்னட் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்ட் வருமானம் உண்டு. ஆனால் ஆண் வாரிசு இல்லாததால், தகப்பனுக்குப் பின் நிலமும் வீடும் உறவினர் காலின்ஸுக்குப் போய்விடும். எலிசபெத் உட்பட அந்த வீட்டின் ஐந்து பெண்களின் கதி? பெண் கேட்டு வந்த அந்தக் காலின்ஸை எலிசபெத் மறுத்துவிட, அவளுடைய தோழி, 27 வயதுச் சார்லட் லூகாஸ் ஏற்கிறாள். அவன்மேல் அவளுக்குத் துளியும் ஆசையில்லை. சொந்தமாக ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் எலிசபெத்தின் கடைசித் தங்கை லிடியா, விக்கம் என்ற ராணுவ அதிகாரியோடு ஓடிப்போனதும், கெட்ட பெயர் அவளோடு நிற்கவில்லை. அக்காமார் கல்யாணமும் கேள்விக்குறியாகிறது. விக்கமின் கடன்களை அடைத்துத்தான் டார்சி அந்தத் திருமணத்தையே நடத்திவைக்கிறான்.

கல்லூரியில் இந்த நாவலைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். டார்சி வரும் பக்கங்களை வகுப்பு ரசித்துக் கேட்கும். சார்லட் சம்மதிக்கும் 22-ஆம் அத்தியாயம் வந்தால்தான் விவாதம் சூடுபிடிக்கும். “அவ வேற என்ன மேடம் செய்திருக்க முடியும்?” என்று ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள், மணி அடித்த பிறகும் யாரும் கிளம்பவில்லை. எனவே அடுத்த கட்டுரையைச் சார்லட், லிடியா இருவரையும் வைத்து எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த அத்தியாயத்தின் ஒரு பகுதியைத் தமிழாக்கி உடன் வெளியிடலாம்.

- ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை, மதுரை