நீயோ போகட்டும் எண்டு சொல்லுறது?

அன்பின் தேவி,

உன்ர கடிதம் கிடைச்சது. இங்க எல்லாரும் சுகம். மாரி தொடங்கிட்டுது, முற்றம் முழுக்க வெள்ளம். சின்னவன் திரும்பவும் வேலையை விட்டிட்டான், அதைப் பிறகு எழுதுறன்.

இப்ப உன்னோட சண்டை பிடிக்கத்தான் பேனை எடுத்தனான். கடிதம் முழுக்க மச்சாளின்ர மகளின்ர கலியாணச் சாப்பாடும் சாறியும். கடைசி மூலையில, எறும்பெழுத்தில, ஏலாதவைக்கு உங்க அரசாங்கம் குடுக்கிற கொடுப்பனவைப் பற்றி ஒரு வரி: "பிப் காசு இல்லையெண்டு முடிவு அனுப்பியிருக்கினம், போகட்டும், ஆரோட அடிபடுறது". எடியே, நீயோ போகட்டும் எண்டு சொல்லுறது? கணக்குப் பேப்பரில குறைச்சுப் போட்ட ஒரு மாக்ஸுக்காகப் பப்பாசி ரீச்சரை சைக்கிள் கொட்டில் வரைக்கும் கலைச்சுக்கொண்டு போனவள் ஆர்? லண்டன் குளிரில உனக்கு ரோசமும் விறைச்சுப் போச்சோ?

நீ வட்ஸ்அப்பில போட்ட முடிவுக் கடிதப் படத்தை அண்ணையின்ர மகளுக்கு அனுப்பினன். அவள் ஹரோவில ஒரு ஆலோசனை நிலையத்தில இருக்கிறாள், நாள் முழுக்க இப்பிடியான கடிதங்களோடதான் மல்லுக்கட்டுறாள். வாசிச்சிட்டுச் சிரிச்சாள். "மாமி, ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடமோ?" எண்டு கேட்டாள். ஏன் கேட்டவள் எண்டு பிறகு விளங்கும்.

உனக்குக் குளிக்கிறதுக்கு 2 புள்ளி, உடுப்புப் போடுறதுக்கு 2 புள்ளி. சமையலுக்குப் பூச்சியம். அன்றாட வாழ்க்கைப் பகுதியில 8 வந்தாக் காசு கிடைக்கும், 12 எண்டாக் கூடின காசு. போனில விசாரிச்ச பிள்ளைக்கு நீ என்ன சொன்னனி? "நான்தான் வீட்டில எல்லாருக்கும் சமைக்கிறனான்." அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதிப்போட்டாள். மரக்கறி வெட்டுறது உன்ர மனிசன், தேங்காய் துருவுறது மகன், சட்டியை இறக்கிறதும் அவன்தான் எண்டு போன வருசம் நீயே எனக்கு எழுதினனீ. ஒருக்கா சுடுகறி காலில ஊத்துப்பட்டதையும் எழுதினனீ. அது சமைக்கிறதில்லையடி, அடுப்படியில நிண்டு அதிகாரம் பண்ணுறது!

மருமகள் சொன்ன கணக்கைக் கேள். அவை பாக்கிற சமையல் எங்கட பதினாறு கறியில்லை. ஒராளுக்கு, பச்சைச் சாமானில இருந்து, சாதாரணமா ஒரு நேரச் சாப்பாடு. தோல் சீவி, வெட்டி, இடுப்புயர அடுப்பில சட்டியை வச்சு இறக்கவேணும். ஒருக்கால் செய்து முடிச்சாப் போதாது. ஆபத்தில்லாமல், ஒழுங்கா, தேவைப்படுகிற நேரமெல்லாம் திரும்பத் திரும்ப, மற்றவைக்கு எடுக்கிற நேரத்தின்ர இரண்டு மடங்குக்கு மிஞ்சாமல் செய்ய ஏலுமோ எண்டதுதான் கேள்வி. அதுவும் பாதி நாளுக்கு மேல ஏலாமல் இருந்தாக் காணும், எல்லா நாளும் படுக்கையில கிடக்கத் தேவையில்லை. முடக்குவாதக் கையோட உனக்கு ஒராளின்ர உதவி வேணும் எண்டு ஒத்துக்கொண்டால் அந்த ஒண்டுக்கே 4 புள்ளி. நாலும் நாலும் எவ்வளவு? பப்பாசி ரீச்சரிட்டைக் கேள்.

அவள் ஏன் சிரிச்சவள் எண்டால், உன்ர அத்தான், அதுதான் என்ர மனிசன்ர கதை அவளுக்குத் தெரியும். உனக்குத்தான் நான் சொல்லேல்லை.

வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற அஸ்வெசும உதவிக்காசு இங்க 2023 ஆடியில தொடங்கிறதுக்கு முதல் கணக்கெடுக்க ஆக்கள் வந்தவை. கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்பம் எண்டு 6 வகை, அதுக்குள்ள 22 கேள்விச் சுட்டி. வந்த பெடியன் நல்ல பெடியன், குறை சொல்ல ஏலாது. ஆனா அவன் படலையைத் திறந்த உடன இவர் என்ன செய்தவர் தெரியுமே? அவசரமாப் பொய்க்காலைப் பூட்டி, புதுச் சாரம் உடுத்து, உள்ளுக்குப் போய்க் கதிரை தூக்கிக்கொண்டு வந்து போட்டவர். தேத்தண்ணியும் தானே கொண்டுவந்து குடுத்தவர். "ஐயா வேலை ஏதும் செய்யிறீங்களோ?" எண்டு கேக்க, "ஏன் செய்யாமல், எல்லாம் செய்வன்" எண்டார். செய்யிறது என்ன? மாமரத்துக்குக் கீழ இருந்து வாறவன் போறவனுக்குச் சைக்கிள் ரியூப் ஒட்டுறது. மாரி வந்தாப் பொய்க்கால் உரசி உரசிப் புண் வரும், பிறகு கிழமைக்கணக்கில கால் பூட்ட ஏலாது. முதுகுக்குள்ள 2009 இல ஏறின சன்னம் இப்பவும் கிடக்கு.

அஸ்வெசும பட்டியலில எங்கட பேர் வரேல்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில 550,000 ரூபா தந்து கட்டின வீட்டையும் கல்வீடு எண்டு எங்கட செல்வத்தில சேத்துப்போட்டினம். முள்ளிவாய்க்காலால உடுத்த உடுப்போட வந்து, முகாமில கிடந்து, திரும்பி வந்து வெறுங்காணியில கட்டின வீடு இப்ப எங்களுக்கு எதிராச் சாட்சி சொல்லுது. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்குத் தனியாக் குடுத்த விண்ணப்பமும் திரும்பி வந்திட்டுது. காரணம் கேட்டால் கந்தோரில ஒராள் மற்றாளைக் காட்ட, அவர் மேலிடத்தைக் காட்டுவார். மேலிடம் எங்க இருக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

பிறகு எங்கட பழைய சிநேகிதி ஆமைக்குஞ்சுதான் வழி சொன்னாள். அவள் இப்ப ஓய்வுபெற்ற அதிபர், வாய் மட்டும் ஓயேல்லை. 2016 இல வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில எழுதிக் கேள், 14 வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்டு முடிவு சொல்லத்தான் வேணும் எண்டாள். எழுதிக் கேட்டன். பதிவுத் தாளின்ர பிரதி வந்தது. அதில பாத்தால், நடமாட்டத்தில சிரமமில்லை, தொழில் செய்யக்கூடியவர். அந்தக் கதிரையும் தேத்தண்ணியும் தந்த சான்றிதழ்!

மேன்முறையீட்டுக்கு நான் ஒரு கொப்பி போட்டன். எண்டைக்குக் கால் பூட்டேல்லை, எண்டைக்கு இரவு நோவில நித்திரையில்லை, கக்கூசுக்கு ஆர் பிடிச்சுக்கொண்டு போனது, எல்லாம் திகதியோட. இவர் கண்டிட்டார். "என்னை ஏலாவாளியெண்டு ஊருக்கு எழுதிக் குடுக்கப்போறியோ?" எண்டு கேட்டவர். கத்தேல்லை, மெதுவாத்தான் கேட்டவர், அதுதான் கூடக் குத்தினது. பிறகு கொஞ்ச நாள் எனக்கு முகம் தரேல்லை. நான் கொப்பியை மேசையில வச்ச இடத்திலயே வச்சிருந்தன்.

ஒரு நாள் எடுத்துப் பாக்கிறன், என்ர எழுத்துக்கு இடையில அவற்ற எழுத்து. "கிணத்தடியில விழுந்தது." திகதி போட்டிருந்தது. கீழ இன்னொண்டு, கோயில் வீதியில. இன்னொண்டு, நான் சந்தைக்குப் போயிருந்த நேரம், கன நேரம் எழும்ப ஏலாமல் கிடந்தாராம். எனக்கு ஒண்டும் தெரியாது தேவி. ஒரே வீட்டில இருக்கிறன், ஒண்டும் தெரியாது. அண்டைக்கு நான் அழுதது காசுக்கில்லை.

அந்தக் கொப்பியின்ர பிரதியும் வைத்திய அறிக்கையும் சேத்துக் குடுத்தன். இரண்டாந்தரம் பாக்க வந்தவைக்கு இவர் கதிரை தூக்கேல்லை, நான் கண்ணால வெருட்டி இருத்தி வச்சிருந்தனான். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு இப்ப வருது. 2025 இல அதை 10,000 ஆக்கினவை, இங்கத்தைய விலைவாசிக்கு அது எந்த மூலைக்கெண்டு கேளாதை. பிந்தின மாதங்களின்ர காசைக் கேட்டு எழுதினதுக்குப் பதிலில்லை. குடும்பத்துக்கான அஸ்வெசும இன்னும் அந்தக் கல்வீட்டில முட்டுப்பட்டு நிக்குது. நான் விடப்போறதில்லை.

உங்க வழி இதைவிடச் சீர். முடிவுக் கடிதத்தில இருக்கிற திகதியில இருந்து ஒரு மாதத்துக்குள்ள கட்டாய மீளாய்வு கேக்கவேணும், பிந்தினால் நியாயம் சொல்லவேண்டிவரும். முதல் போன் எடுத்து அந்தப் பிள்ளை எழுதின அறிக்கையின்ர பிரதியைக் கேள், அதுக்குக் காசு கட்டத் தேவையில்லை. மீளாய்விலயும் இல்லையெண்டால் அதோட குந்திவிடாதை. கனபேர் அந்த இடத்திலதான் களைச்சுப் போகினமாம். அதுக்குப் பிறகு தீர்ப்பாயத்துக்குப் போக இன்னொரு மாதம் தருவினம். அங்க ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், மாற்றுத்திறனாளிகளின்ர நிலைமை தெரிஞ்ச ஒராள். விசாரணை வரைக்கும் போன பிப் வழக்குகளில அரைவாசிக்கு மேல விண்ணப்பிச்ச ஆக்களின்ர பக்கம்தான் முடிஞ்சிருக்கு. தமிழ் மொழிபெயர்ப்பாளரும் தருவினம், காசில்லை. வெண்டால் விண்ணப்பிச்ச நேரத்தில இருந்து பாத்து மிச்சக்காசும் வரும். கையில கொஞ்சம் கிடைக்கிற ஆக்கள் போனால் உள்ளதும் குறையிற பயம் இருக்கு, உனக்கு ஒரு சதமும் தரேல்லை, எதைப் பறிக்கிறது?

மருமகள் சனிக்கிழமை பின்னேரம் உனக்குப் போன் எடுப்பாள். தெரியாத நம்பர் எண்டு வெட்டிப்போடாதை. ஒரு நேரச் சாப்பாடு எப்பிடிச் செய்யிறனீங்கள் எண்டு கத்தி எடுக்கிறதில இருந்து கேப்பாள். அவளிட்டையும் உன்ர சமையல் பெருமையை அளந்து வைக்காதை. பக்கத்தில உன்ர மனிசனை இருத்து, அந்தாள் பொய் சொல்லத் தெரியாத ஆள்.

அத்தான் உன்னைக் கேட்டதாச் சொல்லட்டாம். கலியாணப் படங்களை அனுப்பு, அந்தப் பச்சைச் சாறியை நான் பாக்கவேணும்.

அன்புடன்,
உன்ர வாத்திச்சி

பி.கு: உங்க வாற ஒராளிட்டை ஒடியல் மாவும் புழுக்கொடியலும் குடுத்துவிட்டிருக்கிறன். கூழை மகன் காய்ச்சட்டும், நீ கதிரையில இருந்து உப்புப் பார்.