குப்பை மேட்டு மண்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் நம்ம பெரிய ஏரியில் மறுபடி சவுடு அள்ளுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாம் நீச்சல் பழகிய மதகடியில் டிப்பர் இறங்குகிறது! அந்த மண்ணைக் கேட்பது என்னைப் போல ரோடு போடுகிறவர்கள்தான் என்பது இன்னும் உறுத்துகிறது.

குப்பை மண்ணைக் கொட்டி ரோடு போடுவது நிஜமா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். டெல்லியில் காஜிப்பூர் குப்பை மலையைச் சலித்தெடுத்த மண், யுஇஆர்-2 என்கிற புது நெடுஞ்சாலையின் கரைக்குள், அதாவது ரோட்டை உயர்த்த அடியில் கொட்டுகிற மண்மேட்டுக்குள், போயிருக்கிறது. நம் சென்னைப் பெருங்குடி குப்பைமேட்டிலும் பயோமைனிங் செய்திருக்கிறார்கள். பழைய குப்பையைக் கிளறி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, காற்றாடவிட்டு, ஈரம் வற்றியதும் சுழலும் சல்லடையில் போடுகிறார்கள். பிளாஸ்டிக்கும் துணியும் எரிபொருளாக சிமெண்ட் ஆலைக்குப் போகும். கீழே விழுகிறது மண்.

எங்கள் சைட்டுக்கு அப்படி ஒரு லோடு வந்தபோது கை நிறைய அள்ளிப் பார்த்தேன். கரிசல் மாதிரி கறுப்பு. நாற்றம் இல்லை. உள்ளே ஷாம்பு பாக்கெட்டின் ஒரு ஓரம், பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு. யார் கையில் கிடந்த வளையலோ! ஒரு பிடியை டம்ளர் தண்ணீரில் போட்டு ராத்திரி வைத்திருந்தேன். காலையில் மேலே தெளிந்து நின்ற தண்ணீர் பால் விடாத டீ நிறத்தில் இருந்தது. என் பயமெல்லாம் அந்த நிறம்தான். உப்பும், ஈயம் குரோமியம் போன்ற உலோகங்களும் அதோடு சேர்ந்து இறங்கலாம். கிணற்றோரம், வாய்க்காலோரம், ஊற்று மேலே நிற்கிற தாழ்வு நிலம், இங்கெல்லாம் இந்த மண் போகவே கூடாது.

இன்னொரு லோடை நானே திருப்பி அனுப்பினேன். லேப்பில் உலையில் வைத்து எரித்தால் எடை ஏகமாகக் குறைந்தது. அத்தனை எரிகிறதென்றால் அது இன்னும் பாதிகூட மக்கி முடியாத குப்பை. அதை உள்ளே போட்டு மூடினால் நாலு மழையில் அழுகிக் கரை உட்கார்ந்துவிடும். சப்ளையர் என்னோடு பெரிய சண்டை போட்டார். போடட்டும்.

நல்ல மண்ணாக வந்தால் ரோலருக்கு அடங்குகிறது. லேப்பில் அந்த மண்ணை எவ்வளவு கெட்டியாக்க முடிகிறதோ அதில் 95 சதவீதமாவது கரையில் வர வேண்டும் (இதைத்தான் காம்பாக்ஷன் என்போம்), ரோட்டுக்கு நேர் கீழே இருக்கிற சப்கிரேடுக்கு 97. இந்த மண் எடை குறைவு என்பதால் சப்கிரேடுக்கு ஏற்றதல்ல. கரையின் வயிற்றில் வைத்து, மேலேயும் பக்கங்களிலும் நல்ல மண்ணால் மூடினால் மழைநீர் உள்ளே எளிதில் புகாது. இப்படிச் செய்கிற ஒவ்வொரு லோடுக்கும் ஏதோ ஒரு ஏரியில் ஒரு லோடு மண் மிஞ்சும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை விடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த கிராம சபையில் நீ எழுந்து இரண்டு கேள்வி கேள். ஏரியில் எத்தனை அடி ஆழம் வரை அள்ள அனுமதி? இதுவரை எத்தனை அடி போயிருக்கிறது? நாளைக்கு நம்ம பக்கம் குப்பை மண் வந்தாலும் சும்மா இருக்காதே. லேப் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு. வரிக்கு வரி படித்துச் சொல்கிறேன்.

மதகடியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
செல்வம்