அச்சேறாத ஒரு பக்கம்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். 'நலம், நலமறிய ஆவல்' என்பதைத் தாண்டிப் பேனா நகரவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. சின்ன எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. கூடவே மூலையில் இருக்கும் ஒட்டடையும் தெரிகிறது, அதுதான் தொல்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த ரஷ்ய நாடகக்காரப் பெண்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். இயக்குநர் ஷென்யா பெர்கோவிச், எழுதியவர் ஸ்வெத்லானா பெத்ரிச்சுக். இணையத்தில் பேசி மயக்கித் தீவிரவாதிகளுக்கு மனைவியாக அழைத்துப்போகும் வலையில் பெண்கள் எப்படி விழுகிறார்கள் என்பதுதான் அவர்கள் நாடகம். 2022இல் அதற்கு அந்த நாட்டின் பெரிய நாடக விருதான 'தங்க முகமூடி' கிடைத்தது. மறு ஆண்டு மே மாதம் இருவரும் கைது. பயங்கரவாதத்தை நியாயப்படுத்தினார்கள் என்று வழக்கு. 2024 ஜூலையில் ஆளுக்கு ஆறு ஆண்டு சிறை என்று தீர்ப்பு. நாடகத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. விருதுக்கும் விலங்குக்கும் நடுவில் மாறியது காலம்தான். பெர்கோவிச் உக்ரைன் போரை எதிர்த்துக் கவிதைகள் எழுதியிருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்.

'ஒரு நாடகத்தைக் கண்டு ஓர் அரசாங்கம் பயப்படுமா?' என்று கேட்டிருக்கிறாய். பயப்படும். எதற்குப் பயப்படுகிறது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கென்யாவில் கூகி வா தியாங்கோவுக்கு நடந்ததைப் பார். 1977இல் அவருடைய ஆங்கில நாவல் ஒன்று வெளிவந்தது. ஆட்சியாளர்களைக் கிழித்துத் தொங்கவிட்ட நாவல். அவரை யாரும் தொடவில்லை. அதே ஆண்டு இன்னொரு நண்பருடன் சேர்ந்து கிக்குயு மொழியில் ஒரு நாடகம் எழுதி, ஊர் விவசாயிகளையும் தொழிலாளிகளையுமே நடிக்கவைத்தார். சில வாரங்களில் அனுமதி ரத்து. ஆண்டு முடிவதற்குள் அவர் உள்ளே. விசாரணை இல்லை, குற்றச்சாட்டு இல்லை, ஏறக்குறைய ஓர் ஆண்டு. படித்தவன் ஆங்கிலத்தில் முணுமுணுத்தால் பொறுத்துக்கொள்ளலாம், உழுகிறவள் தன் மொழியில் மேடையேறிச் சிரித்தால் தாங்காது. சிறையில் கொடுத்த கழிப்பறைக் காகிதத்திலேயே அடுத்த நாவலை அவர் எழுதினார், இந்த முறை கிக்குயுவில். கைதிகளை நோகடிப்பதற்கென்றே வாங்கியது போன்ற முரட்டுக் காகிதம். ஆனால் பேனாவுக்கு நன்றாகப் பிடித்ததாம். 1982இல் அந்த ஊரார் கட்டிய திறந்தவெளி அரங்கைப் போலீஸ் வந்து இடித்துப்போட்டது.

இந்தக் கதைகளில் எனக்குப் பிடித்தது பிரேசிலில் நடந்தது. ராணுவ ஆட்சிக் காலம். 1973இல் சிக்கோ புவார்க்கியும் ஜில்பர்ட்டோ ஜில்லும் சேர்ந்து ஒரு பாட்டு எழுதினார்கள். 'அப்பா, இந்தக் கிண்ணத்தை என்னிடமிருந்து விலக்கு' என்ற பைபிள் வாசகம்தான் பல்லவி. போர்த்துகீசிய மொழியில் 'கிண்ணம்' என்ற சொல்லும் 'வாயை மூடு' என்ற சொல்லும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும். சிலேடைக்கே பிறந்த நம் காளமேகப் புலவர் இருந்திருந்தால் தோளில் தட்டியிருப்பார். தணிக்கைக்காரர்களுக்கும் சிலேடை புரிந்துவிட்டது, தடை போட்டார்கள். அந்த ஆண்டு ஒரு கச்சேரியில் இருவரும் அதைப் பாட முயன்றபோது மைக் இணைப்பைத் துண்டித்தார்கள். இசைத்தட்டாக வர 1978 ஆயிற்று.

ஈரான் இயக்குநர் ஜாஃபர் பனாஹி கதை உனக்கே தெரியும். 2010இல் ஆறு ஆண்டு சிறைத் தண்டனை, கூடவே இருபது ஆண்டு படம் எடுக்கத் தடை. மனிதர் வீட்டுக்குள் எடுத்தார், டாக்ஸி ஓட்டிக்கொண்டே எடுத்தார். 2025இல் கான் விழாவின் உச்ச விருதும் வாங்கிவிட்டார். அவரைப் போன்றவர்களைப் பற்றிப் படிக்கும்போது பெருமையாகவும் இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது. வீரர்களின் கதையையே சொல்லிக்கொண்டிருந்தால், வீரமில்லாத நம்மைப் போன்றவர்கள் தப்பித்துவிடுகிறோம் இல்லையா?

உன்னுடைய இரண்டாவது கேள்வி கடினமானது. 'பெண்களைக் கேவலப்படுத்தும் பாட்டு, ஒரு சாதியையோ மதத்தையோ இழிவாகக் காட்டும் படம், இவற்றுக்கும் சேர்த்தா சுதந்திரம் கேட்கிறாய்?' என்று எழுதியிருந்தாய். ஆமாம், பெரும்பாலும் ஆமாம். அவற்றைத் திட்டலாம், பார்க்காமல் இருக்கலாம், பாதியில் எழுந்து வரலாம், காரமாக விமர்சனம் எழுதலாம். நான் எழுதியும் இருக்கிறேன், உனக்குத் தெரியும். ஆனால் போலீஸைக் கூப்பிடுவது வேறு. இன்று நமக்காக வரும் அந்த லத்தி நாளை யாருக்காக வரும் என்பது நம் கையில் இல்லை.

எல்லை என்று ஒன்று இல்லாமல் இல்லை. ருவாண்டாவில் சிமோன் பிகிண்டி என்று ஒரு பாடகர். 1994 படுகொலையின்போது அவர் பாட்டுகளை வானொலி திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. பின்னால் சர்வதேசத் தீர்ப்பாயம் அவரை விசாரித்து 2008இல் பதினைந்து ஆண்டு தண்டனை கொடுத்தது. எதற்குத் தெரியுமா? ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் போய், டுட்சி இனத்தவரைக் கொல்லும்படி சாலையில் நின்றவர்களைத் தூண்டியதற்கு. பாட்டுகள் வெறுப்புப் பிரச்சாரத்துக்குப் பயன்பட்டன என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் அவற்றை எழுதியதற்காகத் தண்டிக்கவில்லை. எட்டு லட்சம் பேர் செத்த இடத்திலும் பாட்டையும் ஏவலையும் பிரித்துப் பார்க்கும் பொறுமை அவர்களுக்கு இருந்தது. நமக்கு மட்டும் போலீஸைக் கூப்பிட ஏன் ஒரு சுவரொட்டியே போதுமானதாக இருக்கிறது?

இப்போது உன்னிடம் சொல்லவேண்டியதற்கு அருகில் வந்துவிட்டேன்.

சல்மான் ருஷ்டியின் 'தி சாட்டானிக் வெர்சஸ்' நாவலை 1988 அக்டோபரில் இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யக்கூடாதென்று சுங்கத்துறை ஆணை பிறந்தது. அந்தத் தடையை எதிர்த்து ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 'சரி, ஆணையைக் காட்டுங்கள்' என்றது நீதிமன்றம். தேடினார்கள், கிடைக்கவில்லை. ஆணை பிறப்பித்த துறையிடமே அதன் நகல் இல்லை. அப்படியானால் ஆணையே இல்லை என்றுதான் கொள்ளவேண்டும் என்று 2024 நவம்பரில் முடித்துவிட்டார்கள். முப்பத்தாறு ஆண்டு நாட்டுக்குள் புத்தகத்தை வரவிடாமல் தடுத்தது, யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு காகிதம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் நானும் ஒரு தடை போட்டிருக்கிறேன். அதற்கும் காகிதம் கிடையாது.

நம் பத்திரிகையின் ஏழாவது இதழ், பன்னிரண்டாம் பக்கம். காவல் நிலையத்துக்குப் போய்த் திரும்பாத மகனுக்காகக் காத்திருக்கும் தாயைப் பற்றி நீ எழுதிய கவிதை. 'இடமில்லை செல்வி, அடுத்த இதழில் பார்ப்போம்' என்று உனக்குக் கார்டு போட்டேன்.

இடம் இருந்தது. கவிதையை ஈய எழுத்துகளில் அச்சுக் கோத்து, இரண்டாம் புரூஃப் வரை வந்துவிட்டது. யாரும் என்னை மிரட்டவில்லை. எந்த அதிகாரியும் வரவில்லை, தொலைபேசி அடிக்கவில்லை. புரூஃப் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதைப் படித்துவிட்டு யாராவது வந்தால்?' என்று நானே நினைத்தேன். நானே பயந்தேன். சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு. அச்சுக் கோத்த பெரியவர் மட்டும், 'ஏம்மா, நல்லாத்தானே இருந்தது?' என்றார். நான் 'இடம்' என்று ஏதோ முனகினேன். அவர் மேலே ஒன்றும் பேசாமல் கட்டைப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தாக எடுத்து, எழுத்து வைக்கும் கேஸின் கட்டங்களில் திரும்பப் போட்டார். க ஒரு கட்டத்தில், த ஒரு கட்டத்தில், வ ஒரு கட்டத்தில். ஈயம் ஈயத்தின்மேல் விழும் சின்னச் சத்தம். அரைமணி நேரத்தில் உன் கவிதை இல்லாமல் போயிற்று. காலியான இடத்தில் அச்சகத்தில் கிடந்த ஒரு மயில் பிளாக்கை வைத்து நிரப்பினோம். இதழைப் பார்த்துவிட்டு, 'மயில் அழகாக இருக்கிறது' என்று நீ எழுதினாய். நினைவிருக்கிறதா?

அடுத்த இதழிலும் போடவில்லை. நீயும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ கவிதை எழுதுவதைக் குறைத்துக்கொண்டாய். அதற்கு நான்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எனக்குத் தலைக்கனம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவும் இல்லை.

ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவைப் பற்றிப் படித்த நாளிலிருந்துதான் இது ரொம்பவும் அரிக்க ஆரம்பித்தது. ஸ்டாலின் ஆட்சியில் அவருடைய மகன் லெனின்கிராட் சிறையில். பதினேழு மாதம் சிறை வாசலில் மற்றத் தாய்மார்களோடு வரிசையில் நின்றார். அதைக் கவிதைகளாக எழுதினார், ஆனால் தாளில் வைத்திருக்கப் பயம். வீட்டுக்கு வரும் தோழியிடம் சத்தமாகத் தேநீர் பற்றி எதையாவது பேசிக்கொண்டே, ஒரு துண்டுக் காகிதத்தில் வரிகளை எழுதி நீட்டுவார். தோழி மனதுக்குள்ளேயே படித்து மனப்பாடம் செய்ததும் காகிதத்தைத் தீக்குச்சியில் கொளுத்திச் சாம்பல் கிண்ணத்தில் போட்டுவிடுவார். இப்படிச் சில பேர் நெஞ்சில் அந்தக் கவிதைகள் பல ஆண்டு கிடந்தன. 1963இல் ம்யூனிக்கில் அச்சாயின. அவருடைய சொந்த நாட்டில் 1987இல்தான் வெளிவந்தன. அப்போது அவர் இறந்து இருபத்தொரு ஆண்டு ஆகியிருந்தது.

அவருடைய தோழிகளுக்கு அகப்பட்டால் உயிர் போகும். எனக்கு என்ன போயிருக்கும்? அதிகம் போனால் ஒருநாள் விசாரணை. அவர்கள் முழுக் கவிதையையும் காப்பாற்றினார்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது உன் இரண்டு வரிதான்:

கதவைத் தாழிடாமல்தான் வைத்திருக்கிறாள்,
காற்றுகூட உள்ளே வரக் காணோம்.

மூன்றாவது வரியில் ஒரு செருப்பு வரும், வாசலில் கிடக்கும் செருப்பு. அதற்கு மேல் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. புரூஃப் தாளை நான் வைத்துக்கொள்ளவில்லை.

உன்னிடம் கைப்பிரதி இருக்கிறதா செல்வி? பழைய நோட்டு எதிலாவது? இருந்தால் எடுத்து அனுப்பு. கிடைத்தால் என்ன செய்வேன் என்று இப்போது எதுவும் சொல்லமாட்டேன், ஒருமுறை சொன்ன 'அடுத்த இதழ்' போதும். முதலில் நான் அதை முழுதாக ஒருமுறை படிக்கவேண்டும்.

இல்லையென்றால் திட்டியாவது எழுது. கார்டில் எழுதாதே, கவரில் எழுது. இடம் பார்க்காமல் திட்டு.

அன்புடன்,
வசந்தா