அவனுக்கு எல்லாம் தெரியும் கண்ணு

கண்ணு,

எல்லாரும் நல்லா இருக்கீங்களா. இங்க கோத்தகிரில ஒரு வாரமா மிஸ்ட், துணி காயவே மாட்டேங்குது, அப்பாவுக்கு இருமல் பரவால்ல. போன்ல சொன்னா பாதில "அம்மா மீட்டிங்"னு வெச்சிடுவ, அதான் டைப் பண்ணி அனுப்பறேன், நைட் சாவகாசமா படி.

நேத்து வீடியோ கால்ல சின்னவன் பண்ணத பாத்தேன். அவனுக்கு தண்ணி பாட்டில் வேணும். மொதல்ல மாப்பிள்ளை கால கட்டிக்கிட்டு, தலைய ஒரு பக்கமா சாச்சு "ப்பா, ப்பா"ன்னு கொஞ்சினான். அவரு லேப்டாப்ப விட்டு நிமிரல. ஒடனே திரும்பினான், வேலைக்கு வர்ற அக்கா உக்காந்து தரை தொடச்சிட்டு இருந்தாங்க, அவங்க தோள்ல பட்டுனு ஒரு அடி, "தா!"ன்னான். அவங்க ஈரக்கைய சேலைல தொடச்சுக்கிட்டு எந்திரிச்சு எடுத்து குடுத்தாங்க. நீ சிரிச்ச. "ஒண்ணே முக்கா வயசும்மா, அவனுக்கு என்ன தெரியும்"ன்ன.

தெரியும் கண்ணு. ரெண்டே நிமிஷத்துல யாருகிட்ட கெஞ்சணும் யாருகிட்ட அதட்டணும்னு அவன் பிரிச்சு வெச்சிருக்கறத காட்டிட்டான்.

ரிடையர் ஆனதுல இருந்து நான் இந்த குழந்தைங்க மனசு பத்தின ஆராய்ச்சி எல்லாம் தேடி படிக்கறது உனக்கு தெரியுமே. 2011ல சயின்ஸ் பத்திரிகைல ஒண்ணு வந்துச்சு. ஸ்க்ரீன்ல கண்ணு வாய் வெச்ச ரெண்டு கட்டை, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, ஒரே வழில எதிரும் புதிருமா வருது, முட்டிக்குது, ஒண்ணு குனிஞ்சு ஒதுங்கி வழி விடுது. சிறுசு ஒதுங்கினா குழந்தைங்க சும்மா பாத்துட்டு விட்டுருச்சுங்க, பெருசு ஒதுங்கினா மட்டும் 'இதென்னடா இப்படி'ங்கற மாதிரி ரொம்ப நேரம் மொறச்சு பாத்துச்சுங்க. பேச்சு வராத குழந்தைங்க கிட்ட கேக்க முடியாதுல்ல, எவ்ளோ நேரம் பாக்குதுங்கறதத்தான் கணக்கு எடுப்பாங்க. 8 மாசத்து குழந்தைங்களுக்கு இது பிடிபடல, 10ல இருந்து 13 மாசத்து குழந்தைங்களுக்கு பிடிபட்டுச்சு. 2016ல இன்னொண்ணு, ரெண்டு பேரு மோதிக்கிட்டா பின்னாடி ஆளு ஜாஸ்தி இருக்கறவந்தான் ஜெயிப்பான்னு 6 மாசத்துல இருந்தே எதிர்பாக்குதுங்களாம். பல்லு மொளைக்கறதுக்குள்ள அரசியல் தெரிஞ்சுருது பாரு.

ஆனா வெறும் உருவத்த வெச்சு மட்டும் எடை போடறதில்ல, வளர வளர வேற கணக்கும் வந்துரும். அத நான் கண்ணாலயே பாத்திருக்கேன். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்பறம் சிலோன்ல இருந்து வந்து டான்டீ, அதான் கவர்மெண்ட் டீ எஸ்டேட்ல சேந்த குடும்பம் நம்மளது, உன் அம்மாயி அங்க புள்ளக்காம்பரால, பிள்ளைங்கள பாத்துக்கற எடத்துல, ஆயாவா இருந்தாங்கன்னு உனக்கு சொல்லிருக்கேன். கொழுந்து பறிக்க போற பொம்பளைங்க காலைல பிள்ளைய விட்டுட்டு போவாங்க, நான் ஸ்கூல் முடிஞ்சு நேரா அங்கதான் போவேன். எஸ்டேட்ல வீடு இருக்கற எடமே ஆள சொல்லிரும், மேட்டு மேல துரை பங்களா, நடுவுல ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ், கீழ ஓடை பக்கம் தொழிலாளிங்க இருக்கற லைன் வீடு. மூணு வயசு நாலு வயசு வாண்டுங்க 'துரை விளையாட்டு' வெளையாடும். ஒருத்தன் குச்சிய கக்கத்துல வெச்சுக்கிட்டு, கைய பின்னாடி கட்டிக்கிட்டு நடப்பான், மத்ததுங்க குனிஞ்சு புல்ல கிள்ளி துண்டுல போடும், அவன் வந்து துண்ட எட்டிப்பாத்து "பத்தாது போ"ம்பான். யாரு துரைங்கறீங்க, அங்க இருந்ததுலயே நோஞ்சான் பையன், அவங்கப்பா மேஸ்திரி. கொழுகொழுன்னு அவன விட ரெட்டை சைஸ்ல ஒரு லைன் வீட்டு பையன் ஒரு நாளும் அந்த குச்சிய கேக்கல. யாரும் சொல்லி குடுக்கல கண்ணு, சாயங்காலம் எலை நிறுக்கற எடத்துல அம்மா இடுப்புல உக்காந்து பாத்ததுதான், யாரு உக்காந்துருக்கா, யாரு நிக்கறா, யாரு பேசினா யாரு வாய மூடறா.

இன்னொண்ணும் அங்கயே பாத்தேன். அந்த குச்சிப்பையன் ஒண்ணுக்கு போனா போதும், துண்டு புல்லு எல்லாத்தையும் போட்டுட்டு ஓடிரும்ங்க. அதே எடத்துல ஒரு பொண்ணு இருந்தா, சண்டை வந்தா பிரிச்சு விடுவா, பொரிய பங்கு போடுவா, அவ "எல்லாரும் வரிசையா உக்காருங்க, நான் வர்றேன்"னுட்டு உள்ள போனா வர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருக்கும்ங்க. 2018ல ஒரு பரிசோதனைல இதே விஷயத்த, அதுவும் நம்ம சின்னவன் வயசு, 21 மாசத்து குழந்தைங்க கிட்ட பாத்திருக்காங்க. மரியாதையால தலைவரா இருக்கறவரு ஒண்ணு சொல்லிட்டு அந்தப்பக்கம் போனாலும் மத்தவங்க கேட்டு நடப்பாங்கன்னு குழந்தை எதிர்பாக்குது, அடிச்சு அதிகாரம் பண்றவன் போயிட்டா கேப்பாங்கன்னு எதிர்பாக்கறதில்ல. அதே வருஷம் இன்னொரு ஆராய்ச்சில, எதிராளி தானா வழி விட்டு ஜெயிச்சவன குழந்தைங்களுக்கு புடிச்சிருக்கு, தள்ளிவிட்டு ஜெயிச்சவன் புடிக்கல. போனோபோன்னு ஒரு வாலில்லா கொரங்கு இருக்கே, மனுஷனுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம், அதுங்க கிட்ட பாத்தப்ப அதுக்கு அதிகாரம் பண்றவனத்தான் புடிச்சுதாம். அதனால சின்னவன் மோசமானவன்னு நான் சொல்லவே இல்ல, அவன் கிட்ட நல்ல சரக்கும் இருக்கு.

நீங்க எல்லாம் அவன்கிட்ட என்ன சொல்றீங்கங்கறது ரெண்டாவதுதான், எப்படி நடந்துக்கறீங்கன்னுதான் மொதல்ல பாப்பான். 4, 5 வயசு பிள்ளைங்களுக்கு ஒரு வீடியோ போட்டு காட்டிருக்காங்க, பெரியவங்க ஒருத்தர பாத்து சிரிச்சு நெருங்கி பேசறாங்க, இன்னொருத்தர் கிட்ட மூஞ்சிய சுளிச்சு தள்ளி நிக்கறாங்க, வார்த்தை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அவ்ளோதான், முக்கால்வாசி பிள்ளைங்களுக்குன்னு இல்லாட்டியும் பாதிக்கு மேல பிள்ளைங்களுக்கு அந்த மொத ஆளத்தான் புடிச்சுது. உங்க வீட்ல அந்த அக்காவுக்கு தனி டம்ளர் சிங்க் ஓரமா கவுத்தி இருக்கறத போன தடவ வந்தப்பவே பாத்தேன். பேச வேணாம்னு இருந்தேன், இப்ப பேசறேன்.

அவன அதட்டாத, அடிச்சு 'சாரி சொல்லு'ன்னு வதைக்காத, அதுவும் இன்னொரு அதிகாரம்தான். யாரு 'முடியாது'ன்னு சொன்னா மத்தவங்க அடங்கி போறாங்கன்னு அவன் பாக்கறானோ, அவங்கதான் அவனுக்கு பெரியவங்க. அதனால அந்த அக்காகிட்ட தெளிவா சொல்லிரு, அடிச்சு கேட்டா குடுக்காதீங்க, அவன் அழுதா நான் பாத்துக்கறேன்னு. மாப்பிள்ளை தொடச்ச ரூமுக்குள்ள போறப்ப "வரலாமாக்கா"ன்னு கேக்கட்டும், அவங்க "காயட்டும் இருங்க"ன்னா நிக்கட்டும், அத சின்னவன் பாக்கட்டும். ஆனா அவங்களுக்கு 'முடியாது'ன்னு சொல்ற தைரியம் வரணும்ல, மாசாமாசம் லீவுக்கு சம்பளத்த புடிச்சிட்டு அவங்க வாய தெறந்து பேசணும்னா எப்படி பேசுவாங்க, அத மொதல்ல நிறுத்து.

அப்பா இத படிச்சுட்டு மாப்பிள்ளை தப்பா எடுத்துக்குவாரு, அந்த எடத்த அழிங்கறாரு. நான் அழிக்கல. அவருக்கும் ஃபார்வர்டு பண்ணு.

அம்மா