நாடி வரை அளந்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

குளிர்கால விடுமுறைக்குக் கனடாவுக்கும் சுவிஸுக்கும் போகிறவர்களுக்காக உங்கள் பத்திரிகையில் வந்த குறிப்புகளைப் படித்தேன். உடுப்பு, பயணப்பை பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் ஸ்னோபோர்ட், அதாவது இரண்டு காலையும் பூட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் பலகை, வாங்குகிறவர்கள் பலகையை நிமிர்த்தி வைத்து, நாடி வரை வந்தால் வாங்கலாம் என்று ஒரு வரி இருந்ததே, அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. ரொறன்ரோவில் இருந்தபோது எட்டுக் குளிர்காலம் இந்தப் பலகையில் சறுக்கியவள் நான். இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன், ஆனாலும் டிசம்பர் நெருங்கினால் சொந்தக்காரப் பிள்ளைகள் இதைத்தான் வந்து கேட்கிறார்கள்.

பலகை சுமப்பது உங்கள் எடையை, உயரத்தை அல்ல. என் அக்காவின் மகன் ஐந்தடி ஒன்பது அங்குலம், ஆனால் 54 கிலோதான். போன வருடம் அங்கே இருக்கிற அவனுடைய சித்தப்பா ஆசையாக ஒரு 154 சென்டிமீட்டர் பலகை வாங்கி வைத்திருந்தார். வடிவான படம் போட்டது, நல்ல விலை, நாடிக் கணக்குக்கும் சரியாகவே இருந்தது. ஆனால் அது விறைப்பான பலகை, பாரமான ஆள் வேகமாக இறங்குவதற்குச் செய்தது. பிள்ளை அதைத் திருப்ப முடியாமல், ஓரம் பனியில் சிக்கிச் சிக்கிக் குப்புற விழுந்து, மத்தியானத்தோடு கழற்றி வைத்துவிட்டான். அடுத்த நாள் வாடகைக்கு 147 அளவில், இரண்டு கையால் அழுத்தினாலே வளைகிற ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள், பின்னேரத்துக்குள் இரண்டு பக்கமும் திருப்பப் பழகிவிட்டான்.

அளவுக்கு அடுத்தது, அந்தப் பலகையில் என்ன செய்யப் போகிறீர்கள், எங்கே செய்யப் போகிறீர்கள் என்பது. துள்ளவும் சுழலவும் கம்பிகளில் வழுக்கவும் ஆசை என்றால் இரண்டு நுனியும் ஒரே மாதிரியான, லேசாக வளைகிற பலகை வேண்டும். மிதிபடாத ஆழமான பொடிப்பனியில் இறங்குகிறவர்களுக்கு முன்பக்கம் நீண்டு அகன்று, நிற்கிற இடம் கொஞ்சம் பின்னே தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முன்நுனி பனிக்குள் புதைந்துவிடும். ஜப்பானில் நிசேகோவுக்கோ, கேபிள் காரில் 4,000 மீட்டருக்குக் கிட்டப் போகிற காஷ்மீரின் குல்மார்க்குக்கோ போகிறவர்களுக்கு அது பொருந்தும். ரொறன்ரோவில் இருந்து இரண்டு மணி நேரத்தில் இருக்கிற புளூ மவுண்டனுக்குப் பொருந்தாது. அது 220 மீட்டர் அளவு இறக்கம்தான், பெரும்பாலும் மெஷின் தூவிய பனி, இரவில் இறுகிக் காலையில் கட்டியாகக் கிடக்கும். அங்கே வேண்டியது ஓரம் நன்றாகப் பிடிக்கிற பலகை.

அதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். பலகையைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். நடு வில் மாதிரி மேலே எழும்பி நின்றால் அது காம்பர், பிடி நல்லது, ஆனால் கால் கொஞ்சம் பிசகினாலும் விழுத்திவிடும். நடு தரையில் பட்டு நுனிகள் உயர்ந்திருந்தால் ராக்கர், ஓரம் சிக்குவது குறைவு, கட்டிப்பனியில் பிடியும் குறைவு. இரண்டையும் கலந்து செய்தவையும் இருக்கின்றன, ஒன்ராறியோவில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

இதையெல்லாம் விட முக்கியமானது சப்பாத்து, உங்கள் குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! நேராக நின்றால் கால்விரல் சப்பாத்தின் நுனியில் மெல்ல முட்ட வேண்டும், முழங்காலை மடித்தால் விரல் கொஞ்சம் பின்வாங்க வேண்டும், குதிக்கால் எழும்பவே கூடாது. குதிக்கால் எழும்பினால் எவ்வளவு நல்ல பலகையும் சொல் கேட்காது. நம் ஆட்கள் குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று காலுறை போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கால் நெருக்குப்பட்டு இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். கம்பளியில் மெல்லியதாக ஒரு சோடி போதும், பருத்தி வேண்டாம். பெரிய கால்காரர்கள், அமெரிக்க அளவில் 11க்கு மேல் என்றால், அகலப் பலகை கேளுங்கள், இல்லாவிட்டால் திரும்பும்போது சப்பாத்து நுனி பனியில் இழுபடும்.

அப்புறம் ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும். பழகுகிறவர்கள் விழும்போது கையைத்தான் ஊன்றுகிறார்கள், மணிக்கட்டுத்தான் முதலில் உடைகிறது.

விடுமுறைக்கு முன் அந்த வரியைத் திருத்திப் போடுங்கள், பெற்றோர் அதை நம்பிக் காசு அனுப்பப் போகிறார்கள். அக்காவின் மகன் இந்த டிசம்பரிலும் போகிறான். பலகை வாடகைக்குத்தான், சப்பாத்தை மட்டும் அங்கே கடையில் போட்டு, அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06