மூன்று படங்களும் கைவிட்ட ஒரு முடிவு

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் புதுமனை புகுவிழா நல்லபடியாக நடந்தேறியது அறிந்து மனம் நிறைந்தது. ரிச்சர்ட் மாதிசனின் 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலை ஒருவழியாகப் படித்து முடித்துவிட்டதாகவும், அதைத் தழுவிய மூன்று படங்களில் எதை முதலில் பார்ப்பது என்றும் கேட்டிருந்தாய். 1964-இல் வந்த 'தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்' படத்திலிருந்து தொடங்கு என்பதே என் பதில்.

கொள்ளைநோயால் ஊரே ரத்தக்காட்டேரிகளாகிவிட, ராபர்ட் நெவில் என்ற ஒருவன் மட்டும் தனித்து எஞ்சும் கதை அது. 1954-இல் வெளிவந்த அந்த நாவலில் என்னை இன்றும் உலுக்குவது நோயோ ரத்தக்காட்டேரிகளோ அல்ல. கடைசிச் சில பக்கங்கள்தாம். சிறையின் சன்னல் வழியே ராபர்ட் நெவில் கீழே நோக்குகிறான்; அவனைக் கண்டதும் கூட்டம் அச்சத்தில் வாயடைத்துப் போகிறது. நோயோடு வாழக் கற்றுக்கொண்டு புதிய சமுதாயம் அமைத்துவிட்ட அந்த மக்களுக்கு, பகலில் உறங்கும் தங்கள் உறவினரை வீடு வீடாகத் தேடி நெஞ்சில் முளை அடித்துக் கொன்ற அவன்தான் பேய். நூல் முழுவதும் அவன் பக்கமே நின்று படித்து வந்த நாமும் அந்தக் கணத்தில் அவனோடு சேர்ந்து குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறோம். மூன்று படங்களும் தனிமையை எடுத்துக்கொண்டன. இந்தத் தீர்ப்பை முழுமையாக ஏற்க எதற்கும் துணிவு வரவில்லை.

கதையைப் படமாக்க முதலில் முயன்றது இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம். மாதிசனே எழுதித் தந்த திரைக்கதைக்கு அங்குள்ள தணிக்கையாளர்கள் இசையவில்லை. பிறகு அது கைமாறி இத்தாலிக்குப் போய், ரோம் நகரின் வெறிச்சோடிய தெருக்களில் வின்சென்ட் பிரைஸ் நடிக்க, கறுப்பு வெள்ளையில் படமானது. மாற்றங்களால் மனம் கசந்த மாதிசன் தன் பெயரைப் போட விடாமல் லோகன் ஸ்வான்சன் என்ற புனைபெயரைக் கொடுத்துவிட்டார். பிரைஸ் இந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்பதும் அவர் கருத்து. எனக்கோ அந்த அயர்ந்த முகமும் சலித்த குரலும் படத்தின் உயிராகத் தோன்றுகின்றன. காலையில் எழுந்து கதவில் வாடிய பூண்டை மாற்றுவது, மரக்கட்டையைக் கடைந்து முளைகளைக் கூர் தீட்டுவது, வாசலில் கிடக்கும் பிணங்களை வண்டியில் ஏற்றி எரிகுழியில் தள்ளுவது என அலுவலகம் போய்வருபவனின் சலிப்போடு அவர் செய்வதைப் பார். கொலை ஒரு தினசரி வேலையாகிவிட்ட அந்த நிலைதான் நாவலின் அடிநாதம். புதைத்த மனைவி இரவில் திரும்பி வரும் காட்சியும் இதில் உண்டு. புதிய சமுதாயமும் வருகிறது. ஆயினும் தேவாலயத்தில் ஈட்டி பாய்ந்து சாகும் கதாநாயகனுக்காக இரங்கும்படியே படம் நம்மை நடத்துகிறது. 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற நடைபிணப் படத்தை எடுத்த ஜார்ஜ் ரொமேரோ தமக்கு இந்த நாவல் தூண்டுதலாக இருந்ததை ஒப்புக்கொண்டவர். பிரைஸின் படத்தில் தள்ளாடி வந்து கதவைத் தட்டும் பிணங்களைப் பார்த்தால் உனக்கே விளங்கும்.

1971-இல் வந்த 'தி ஒமேகா மேன்' பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஆளற்ற லாஸ் ஏஞ்சல்ஸில் சார்ல்டன் ஹெஸ்டன் தனியே கார் ஓட்டிச் செல்லும் தொடக்கம் அருமை. ஆனால் காட்டேரிகள் போய், இயந்திர நாகரிகத்தை வெறுக்கும் வெளிறிய மதக்குழு ஒன்று வந்துவிட்டது. சிலுவையில் அறையப்பட்டவர் போல் கைகளை விரித்து நாயகன் சாகிறான். அவன் ரத்தம் பிறருக்கு மருந்தாகிறது. யாரைப் பேயென்று நாவல் காட்டியதோ, அவனையே படம் மீட்பராக்கிவிட்டது.

நாவலின் பெயரிலேயே 2007-இல் வந்த படத்தின் மீது எனக்கு வருத்தம் மிகுதி. ஏனெனில் அதன் கையில் சரியான முடிவு இருந்தது. ஃபிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கிய அதில் நியூயார்க் சாலைகளில் புல் மண்டிக் கிடப்பதும், நாய் ஒன்றே துணையாக வில் ஸ்மித் வாழும் முற்பாதியும் மிக உயர்ந்தவை. திரையரங்கில் வெளியான வடிவத்தில் அவன் கையெறிகுண்டோடு தன்னையும் அழித்துக்கொண்டு, மருந்தைக் காப்பாற்றி மாவீரனாகிறான். அதற்கு முன் படமாக்கிய வேறொரு முடிவு டிவிடியில் கிடைக்கிறது. அதில் நோயுற்றவர் கூட்டத்தின் தலைவன் ஆய்வுக்கூடக் கண்ணாடியில் கையால் பட்டாம்பூச்சி ஒன்றை வரைகிறான். நெவில் பிடித்து வைத்திருக்கும் பெண்ணின் உடலிலும் அதே பச்சை குத்தல். அந்தத் தலைவன் வந்திருப்பது வேட்டைக்கல்ல, தன்னவளை மீட்பதற்கு. அவளை ஒப்படைத்துவிட்டு, தன் சோதனையில் மாண்டவர்களின் படங்கள் ஒட்டிய சுவரை நெவில் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வையில்தான் மாதிசன் இருக்கிறார். முன்னோட்டம் பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதற்காக அதை ஒதுக்கியது பெரும் பிழை என்பேன்.

ஆகவே அந்தப் படத்தை இந்த முடிவு உள்ள டிவிடி வடிவத்திலேயே தேடிப் பார். 1964-ஆம் ஆண்டுப் படத்தின் தேவாலயக் காட்சியில் உன் மனம் யார் பக்கம் சாய்ந்தது என்பதை மறவாமல் எழுது; என் கணிப்போடு நீ உடன்படுவாயா என்பதில் எனக்கு ஐயமே.

அன்புடன்,
சிவகுரு