எந்த வழியாகப் போகிறது என்பதுதான் முக்கியம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும், நெஞ்சுவலிக்காக மகளுக்கு எடுத்த சி.டி. ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) ரிப்போர்ட்டும் வந்தன. 'பிறவி மாறுபாடு' என்று அதில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு நீயும் தங்கச்சியும் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: இந்த வகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இதயத் தசைக்கே ரத்தம் கொடுப்பவை கரோனரி தமனிகள். இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தத்தைக் கொண்டுபோகும் பெருந்தமனியின் அடியிலிருந்து அவை வலமும் இடமுமாகக் கிளம்புகின்றன. இடது தமனி இரண்டாகப் பிரியும். அதில் சர்க்கம்ஃப்ளெக்ஸ் என்ற கிளை மட்டும் உன் மகளுக்கு வலப்பக்கம் முளைத்து, பெருந்தமனிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. எங்கே முளைத்தது என்பதைவிட எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். இந்தப் பின்வழி பொதுவாகத் தொல்லை தருவதில்லை.

இடது தமனியே வலப்பக்கம் முளைத்து, பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே புகுந்து போனால்தான் கவலை. அதன் வாய் பல சமயம் கீற்றுப்போல ஒடுங்கியிருக்கும். கொஞ்ச தூரம் பெருந்தமனியின் சுவருக்குள்ளேயே போகும். வேகமாக ஓடும்போது இதயத்துக்கு ரத்தம் கூடுதலாக வேண்டும், அந்த நேரம் பார்த்து அது நெரிபடும். மைதானத்தில் இளம் பிள்ளைகள் திடீரென்று சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். கூடைப்பந்து வீரர் பீட் மராவிச் பத்து வருடம் அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் ஆடியவர். 1988-ல், 40 வயதில், நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் பார்த்தால் அவருக்கு இடது கரோனரி தமனியே இல்லை! வலது தமனி ஒன்றே அத்தனை வருடம் அந்த இதயத்தைத் தாங்கியிருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வருடா வருடம் மாணவர்கள் இதயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு "சார், புத்தகத்தில் இப்படி இல்லையே" என்பார்கள். இதயத்தின் பின்பக்கக் கிளை பெரும்பாலானவர்களுக்கு வலது தமனியிலிருந்து வரும், சிலருக்கு இடதிலிருந்து. இரண்டுமே இயல்புதான்.

டிரெட்மில் பரிசோதனை சரியாக இருந்தது என்கிறாய், நல்லது. நெஞ்சுவலிக்கு வேறு காரணம் இருக்கலாம், அதை உங்கள் டாக்டர் பார்க்கட்டும். ஓடும்போதோ படியேறும்போதோ எப்போதாவது மயக்கம் வந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதே.

அப்புறம், ரிப்போர்ட்டைப் பத்திரமாக வை. பின்னாளில் வால்வு அறுவை சிகிச்சை என்று ஏதாவது வந்தால் அறுவை மருத்துவருக்கு இது முன்கூட்டியே தெரிய வேண்டும். அந்தக் கிளை வால்வு வளையத்தை ஒட்டியே போவதால் தையலில் சிக்கிவிடலாம்.

மகளை என்னிடம் ஒரு முறை பேசச் சொல். படம் வரைந்து காட்டுகிறேன்.

அன்புடன்,
மணி